பத்திரத்தில் இல்லாத பெயர்: தமிழ்நாட்டில் நிலத் தரகு பதிவுக்கு வந்த வரலாறு

வீட்டுமனைத் தரகர் அரசிடம் பெயரைப் பதிந்துகொண்டுதான் தொழில் நடத்த வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நிலக் கிரயத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வைத்த சட்டம் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. முத்திரைத்தாள் விற்பவருக்கும் பத்திரம் எழுதுபவருக்கும் உரிமம் வேண்டும் என்ற விதிகளும் 2017க்கு முன்பே வந்துவிட்டன. நிலத்தைக் காட்டி, விலை பேசி, இரு தரப்பையும் சார்பதிவாளர் அலுவலகம் வரை அழைத்து வந்தவரை மட்டும் நெடுங்காலம் எந்தப் பதிவேடும் கேட்கவில்லை. அவர் எப்படிப் பதிவேட்டுக்கு வந்தார், எந்த அளவுக்கு வந்தார் என்பதே இத்தொழிலின் வரலாறு.

தரகு என்ற வரி

'தரகு' பழைய சொல். பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில், தானமாகக் கொடுக்கப்பட்ட ஊருக்கு எந்தெந்த வரிகள் நீக்கப்பட்டன என்ற பட்டியல் இருக்கும். தட்டார்ப்பாட்டம், ஓடக்கூலி, உல்கு ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் தரகும் இடம்பெறுகிறது. சந்தையில் பொருளை விற்றுக் கொடுப்போர் செலுத்திய வரி என்று ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தரகரின் வருமானத்தில் அரசுக்குப் பங்கு இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

நில விற்பனை இன்னொரு வழியில் நடந்தது. நிலம் விற்றதைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டுகளில் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என நான்கு எல்லைகளும் சொல்லப்படும். விலைப்பொருள் முழுவதும் கைக்கு வந்தது என்ற வாசகம் வரும். கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் கடைசியில் வரிசையாக நிற்கும். பெரும்பாலும் சபையோ ஊரோ முன்னின்று நடத்திய விற்பனை அது. யார் நிலம் எது, யாருக்கு அதில் என்ன பாத்தியதை என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. அந்தச் செய்தியைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்க வெளியாள் ஒருவர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

பிற்காலக் கிராமத்தில் இந்தச் செய்தி கிராமக் கணக்கரான கர்ணத்தின் கணக்கில் இருந்தது. பட்டா, அடங்கல், வரி பாக்கி எல்லாம் பரம்பரையாக அந்த வேலையைப் பார்த்தவருக்கே தெரியும். நிலம் வாங்க வந்தவர் முதலில் போய் நின்றது அவர் வீட்டுத் திண்ணையில்தான். 1980இல் தமிழ்நாடு அரசு பரம்பரைக் கிராம அலுவலர் முறையை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் பதவியைக் கொண்டுவரும் வரை இந்த நிலை நீடித்தது.

தரகருக்கான நடைமுறைகள் வளர்ந்த இடம் மாட்டுச் சந்தை. அந்தியூர், மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற ஊர்ச் சந்தைகளில் தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போர்த்துவார். விற்பவர் துண்டுக்குள் கையை நீட்டுவார். தரகர் அவர் விரல்களைப் பிடித்து விலையைச் சொல்வார். எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறார் என்பதில் தொகை தெரியும். அடுத்து அதே துண்டோடு வாங்குபவரிடம் போவார். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. இரு தரப்புக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் தரகர் ஒருவருக்கே தெரியும். தரகரின் பிழைப்பும் அதிகாரமும் அந்த அறிவில்தான் இருந்தன. அவர் மீதான சந்தேகமும் அங்கிருந்தே வந்தது. நிலத் தரகு, வீட்டுத் தரகு, கல்யாணத் தரகு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பத்திரம் பதிவுக்கு வந்தது

சென்னை மாகாணத்தில் பத்திரங்களைப் பதிவு செய்ய முதலில் வழி செய்தது 1802ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குவிதி. பதிவு அப்போது விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. ஒரே நிலத்தை இருவருக்கு விற்பதும், முன்தேதியிட்டுப் பத்திரம் எழுதுவதும் வழக்காகி நீதிமன்றங்களை நிரப்பின. 1864ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 1865 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது குறிப்பிட்ட வகை ஆவணங்களுக்குப் பதிவு கட்டாயமானது. பல திருத்தங்களுக்குப் பின் வந்த 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே இன்றும் அடிப்படை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் 17ஆம் பிரிவு.

இந்தச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகம் ஆள் பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக ஓர் அட்டவணையும் வைத்துக்கொள்கிறது. வில்லங்கச் சான்று கிடைப்பது அந்த அட்டவணைகளிலிருந்துதான். எந்த சர்வே எண்ணை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், எந்த ஆண்டில் அடமானம் வைத்தார், எப்போது மீட்டார் என்பதை அதில் பார்க்கலாம். வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அட்டவணையில் ஏறும் பெயர்கள் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் என்ற இரண்டு பக்கங்களின் பெயர்களே.

தரகரைத் தொட்ட சட்டம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 10ஆம் அத்தியாயம் முதல்வர், முகவர் என்ற உறவை விளக்குகிறது. முகவர் தன் முதல்வருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவருக்குத் தெரியாமல் அந்தக் காரியத்தில் சொந்த ஆதாயம் தேடக் கூடாது. தவறாக நடந்துகொண்ட பகுதிக்குக் கூலி கேட்க முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விற்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் எதைச் சொல்லியாக வேண்டும் என்று வகுத்தது. சொத்தின் உரிமையில் உள்ள குறையை மறைப்பது விற்பவரின் தவறு. இவ்வளவையும் வகுத்த சட்டங்கள், யார் தரகராகலாம் என்ற கேள்விக்குள் போகவில்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும் என்பதால் தரகர் கமிஷனுக்காக வழக்குப் போடலாம். அவரை ஏற்றுக்கொள்வதும் விலக்குவதும் ஊர்ப்பேச்சின் கையில் இருந்தன.

தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரம் ஒன்றின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் இந்த நிலை விளங்கும். எழுதிக் கொடுப்பவரின் கையெழுத்து, பெருவிரல் ரேகை. எழுதி வாங்குபவரின் கையெழுத்து. கீழே இரண்டு சாட்சிகள், தந்தை பெயரும் முகவரியுமாக. அதற்கும் கீழே பத்திரத்தைத் தயாரித்த ஆவண எழுத்தரின் பெயரும் உரிம எண்ணும். ஆவண எழுத்தர்களுக்கான உரிம விதிகளைத் தமிழ்நாடு 1982இல் வகுத்தது. எழுதியவரை எண்ணோடு அடையாளம் காட்டும் அதே தாளில், பேசி முடித்தவருக்கு இடமில்லை. பல பத்திரங்களில் இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவரே தரகராக இருப்பார். இன்னாருடைய மகன், இந்தத் தெருவில் வசிப்பவர் என்று அவரைப் பற்றிய விவரம் இருக்கும். என்ன வேலையாக அங்கே வந்தார் என்பது மட்டும் இருக்காது.

நகரம் விரிந்தது

நிலத் தரகு தனித்தொழிலாகத் திரண்டது நகரம் விரிந்த காலத்தில். சென்னையில் 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், மாம்பலம் பகுதியில் நீண்ட ஏரியின் ஒரு பாகத்தைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானது. ஏரியும் தோப்பும் கிடந்த இடம் எண்ணிட்ட மனைகளாக மாறியது. 1961இல் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வந்தது. 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த நிலப்பரப்பில் அண்ணா நகர் எழுந்தது. வேலை தேடி வெளியூரிலிருந்து வந்தவருக்கு அந்தப் பகுதியில் யாரையும் தெரியாது. கர்ணத்தின் திண்ணை இருந்த இடத்தில் இப்போது தேநீர்க் கடை பெஞ்சு இருந்தது. காலையில் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வீடு காலியாகிறது, எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடக்கிறது, யாருக்குப் பெண் கல்யாணத்துக்காக அவசரமாகப் பணம் தேவை என்பதெல்லாம் தெரிந்திருந்தது.

கூலிக்கும் ஒரு வழக்கம் உருவானது. வாடகை வீடு என்றால் ஒரு மாத வாடகை. விற்பனை என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. நில உரிமையாளர் சொன்ன விலைக்கு மேல் தன் தொகையை ஏற்றிச் சொல்லி, வித்தியாசத்தை எடுத்துக்கொள்பவர்களும் இருந்தார்கள். 'மேலே வைத்து விற்பது' என்று இதைச் சொல்வார்கள். சிறிய தொகையை டோக்கன் அட்வான்ஸாகக் கொடுத்து நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கிரயத் தேதிக்குள் வேறொருவருக்குக் கைமாற்றுவோரும் பெருகினார்கள். பவர் பத்திரம் இதற்கு வசதியாக இருந்தது.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்குத் திட்ட அனுமதி வேண்டும் என்று வகுத்தது. சென்னைப் பெருநகருக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் மற்ற இடங்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமும் அனுமதி தரும் அமைப்புகளாயின. ஆனாலும் நெடுஞ்சாலை ஓரங்களில் அனுமதியில்லா மனைப்பிரிவுகள் தொடர்ந்து முளைத்தன. வயலை மேடாக்கி, மஞ்சள் அடித்த கற்களை நட்டு, முகப்பில் ஒரு வளைவு கட்டினால் 'நகர்' தயார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் புறப்படும். மனையைப் பார்த்தவர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டு. அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு உண்டு. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லைக் கேட்டு, அதுவே போதும் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போன நாளில்தான் தங்கள் மனைக்கு அனுமதி இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. வாழ்நாள் சேமிப்பை அந்தக் கல்லுக்குள் போட்ட குடும்பங்களுக்கு இது சாதாரண இழப்பாக இருக்கவில்லை. விற்றுக் கொடுத்த தரகரோ அப்போது வேறு மனைப்பிரிவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பொறுப்பாக்க ஒரு பதிவேடும் இல்லை.

மீண்டும் வரி, பிறகு பதிவு

தரகரை இந்திய அரசு முதலில் கண்டுகொண்டது வரியின் வழியாகவே. 1998 அக்டோபர் 16 முதல் ரியல் எஸ்டேட் முகவரின் சேவை, சேவை வரிக்குள் வந்தது. அன்றைய விகிதம் 5 சதவீதம். செப்பேட்டுக் காலத்துத் தரகு வரியைப் போலவே, அவர் வருமானத்துக்குக் கணக்கு வந்தது. அவர் தகுதிக்கு வரவில்லை.

தகுதியைக் கேட்கும் முயற்சி வடக்கே தொடங்கியது. பஞ்சாப் மாநிலம் 1995இல் இயற்றிய அடுக்ககம் மற்றும் சொத்து ஒழுங்குமுறைச் சட்டம், மனை விற்போரோடு எஸ்டேட் முகவர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. ஹரியானா 2008இல் சொத்துத் தரகர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் என்றே தனிச் சட்டம் இயற்றியது. தில்லியைச் சுற்றிக் குருகிராம் போன்ற ஊர்கள் வேகமாக வளர்ந்த காலம் அது.

நாடு முழுவதற்குமான மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. 2016 மார்ச் 10 அன்று அங்கும், மார்ச் 15 அன்று மக்களவையிலும் நிறைவேறியது. 'ரெரா' என்று அழைக்கப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் இதுதான். ஒரு பகுதி 2016 மே 1 முதலும், எஞ்சியது 2017 மே 1 முதலும் நடைமுறைக்கு வந்தன.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் இன்னொரு திருப்பம் நேர்ந்தது. அங்கீகாரமில்லா மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று இடைக்காலத் தடை விதித்தது. சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் குறைந்தது. மனைத் தரகை நம்பியிருந்தவர்கள் மாதக்கணக்கில் வேலையின்றி இருந்தார்கள். 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்த வழி செய்தது. அடுத்த மாதம், 2017 ஜூன் 22 அன்று, ரெரா சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகள் வெளிவந்தன. தமிழ்நாட்டுக்கான ஒழுங்குமுறை ஆணையம் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் பொறுப்பானது.

பதிவு செய்பவர் செய்ய வேண்டியவை

சட்டம் 'ரியல் எஸ்டேட் முகவர்' என்பதற்கு விரிந்த பொருள் தருகிறது. தரகர், இடைத்தரகர், சொத்து விற்பனையாளர் என எந்தப் பெயரில் அழைத்தாலும், எந்த ஊடகத்தின் வழியாக வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தினாலும், அதற்காகக் கூலி பெற்றால் அவர் முகவர். அவர் பதிவு செய்யாமல் ரெராவில் பதிந்த திட்டத்தின் மனையையோ வீட்டையோ விற்றுக் கொடுக்கக் கூடாது என்பது 9ஆம் பிரிவு.

விண்ணப்பத்தோடு பெயர், புகைப்படம், பான் அட்டை, தொழில் நடத்தும் இடத்துக்கான சான்று, வருமான வரிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தர வேண்டும். கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ இருந்தால் அதன் பதிவு ஆவணங்களும் தேவை. கட்டணம் தனிநபருக்கு ஒன்று, நிறுவனத்துக்கு அதைவிடக் கூடுதல். குறித்த காலத்துக்குள் ஆணையம் பதில் சொல்லாவிட்டால் பதிவு கிடைத்ததாகவே கொள்ளப்படும். கிடைக்கும் பதிவு எண் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். முகவர் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

முகவரின் கடமைகளை 10ஆம் பிரிவு வகுக்கிறது. பதிவாகாத திட்டத்தை விற்றுக் கொடுக்கக் கூடாது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லக் கூடாது. தரப்போவதில்லை என்று தெரிந்த வசதிகளை விளம்பரப்படுத்தக் கூடாது. முன்பணம் கட்டும்போது வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும். இவற்றை மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்ற சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறலாம். மோசடியாகப் பெற்ற பதிவை, முகவரின் விளக்கத்தைக் கேட்டபின் ஆணையம் ரத்து செய்யலாம். வாங்கியவர் மனை விற்ற நிறுவனத்தின் மீது மட்டுமின்றி முகவரின் மீதும் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். மஞ்சள் கல்லை நம்பி ஏமாந்தவருக்கு முன்பு இல்லாத வழி இது.

2020 டிசம்பரில் மற்றொரு பொறுப்பும் சேர்ந்தது. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் வரவுள்ள ரியல் எஸ்டேட் முகவர்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்வதும் அந்தப் பதிவுகளைக் காத்து வைப்பதும் அவர்கள் வேலையாயின.

வலைக்குள் வராதவர்

ரெராவின் பதிவு, சட்டத்தின் கீழ் பதிவான திட்டங்களைச் சுற்றியே அமைந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்திலோ அமையும் திட்டத்துக்குப் பதிவு தேவையில்லை. ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பதும், வீட்டை வாடகைக்கு விடுவதும், விளைநிலம் விளைநிலமாகவே கைமாறுவதும் இதற்கு வெளியே நிற்கின்றன. தெருமுனைத் தரகரின் அன்றாட வேலையில் பெரும்பங்கு இவைதான். எனவே புதிய அடுக்ககத்தின் விற்பனைப் பிரிவில் வேலை செய்யும் முகவருக்கு எண் உண்டு. பக்கத்துத் தெருவின் பழைய வீட்டை விற்றுத் தருபவருக்கு இன்றும் அது கட்டாயமில்லை.

இன்னொரு குறை, பதிவுக்கு முன் அறிவு சோதிக்கப்படாதது. ரெரா சட்டம் முகவரிடம் படிப்போ தேர்வோ கேட்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1917இல் கொண்டுவந்த உரிமச் சட்டம் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை; 1919இல் மீண்டும் இயற்றப்பட்டு நிலைபெற்றது. இன்று அங்கே விற்பனையாளர் உரிமம் பெற மூன்று பாடங்களை 135 மணி நேரம் படித்துத் தேர்வெழுத வேண்டும். இந்தியாவில் இந்த வழியில் முதலில் அடி வைத்தது மகாராஷ்டிரம். அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜனவரியில் முகவர்களுக்கு 20 மணி நேரப் பயிற்சியையும் தேர்வையும் வகுத்தது. முதல் தேர்வு அந்த ஆண்டு மே 20 அன்று நடந்தது. பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் என்ன வேறுபாடு, தாய்ப் பத்திரம் எத்தனை ஆண்டு பின்னோக்கிப் பார்க்கப்பட வேண்டும், வில்லங்கச் சான்றில் எது தெரியாது என்பதை அறிந்த தரகர் ஒரு குடும்பத்தைப் பெரும் இழப்பிலிருந்து காப்பாற்றுவார். அந்த அறிவை உறுதிசெய்யாத பதிவு பாதி வேலையையே முடிக்கிறது.

இதற்கிடையில் தரகரின் பழைய பலமும் மாறியிருக்கிறது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு ஆகியவற்றை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பதிந்த திட்டங்களின் அனுமதி விவரமும் முகவர்களின் பட்டியலும் ஆணையத்தின் தளத்தில் இருக்கின்றன. துண்டுக்குள் மறைத்துப் பிடித்த விலையில் ஒரு பகுதி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் மனையை நேரில் காட்டவும், வாரிசுகள் நால்வரை ஒரே நாளில் கையெழுத்துக்குக் கூட்டி வரவும், விலையில் இரு தரப்பையும் சமாதானப்படுத்தவும் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் பதிந்த திட்டத்தின் மனையை விற்றுத் தரும்போது தன் எண்ணைச் சொல்லியாக வேண்டும். பழைய வீடு கைமாறும் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் இன்னமும் இரண்டாம் சாட்சியாகத்தான் கையெழுத்திடுகிறார்.